மேரி கியூரி அம்மையார் பௌதிகம் படிக்கத் தொடங்கிய கதை

ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு தடவை நோபல் பரிசு வாங்கியவர் என்ற அளவில் மேரி கியூரி அம்மையாரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் அவருடைய பெயர் அடிக்கடி வரும். ஆனால் சொல்லுகிற ஆக்கள் பெரும்பாலும் கதையை 1898ஆம் ஆண்டில் இருந்துதான் தொடங்குவார்கள். ஒழுகுகிற கொட்டில், மூட்டை மூட்டையாகத் தாது, இருட்டில் மின்னுகிற கண்ணாடிக் குழாய். அதற்கு முன்பு ஒரு நீண்ட காலம் இருந்தது. 1883ஆம் ஆண்டு ஆனி மாதம் 12ஆந் திகதி, பதினைந்து வயதில், தங்கப் பதக்கத்தோடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் பெயர் பதிந்தது 1891 கார்த்திகையில், இருபத்துநாலு வயதில். இடையில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தையும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருடத்தையும் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதப் போகிறேன். ரேடியத்தைப் பற்றிக் கொஞ்சமாகச் சொல்லுவேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. படிப்பு இடையில் அறுந்துபோய், இருபத்தைந்து முப்பது வயதில் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறவர்கள் ஸ்காபரோவில் எங்களுக்குள்ளே அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பொறியியல் படிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகம் கேட்பார்கள். அதை எடுக்கப் பதினோராம் வகுப்புப் பௌதிகம் வேண்டும். முன்பு ஓ.ஏ.சி. என்று பதின்மூன்றாவது வருடம் ஒன்றும் இருந்தது; அது 2003இல் நின்றுபோயிற்று. பகலில் தொழிற்சாலை, இரவில் புத்தகம் என்று இருக்கிற ஒருவர், பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கிற பாடத்தை எடுத்து முதலாம் அத்தியாயத்தில் இருந்து தொடங்குவது லேசான காரியம் இல்லை. இந்த வயதில் உது என்னத்துக்கு என்று வீட்டுக்குள்ளேயே கேட்பார்கள். கேட்கிறவர்களும் இதை வாசிக்கட்டும்.

மேரி கியூரியின் சொந்தப் பெயர் மரியா ஸ்க்லடோவ்ஸ்கா. 1867 கார்த்திகை 7ஆந் திகதி போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். போலந்து என்று நான் எழுதினாலும், அந்தக் காலத்தில் அப்படி ஒரு நாடு தேசப்படத்தில் இல்லை. 1795இலேயே ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஒஸ்ரியாவும் அதைப் பங்கு போட்டுவிட்டன. வார்சோ ருஷ்யச் சக்கரவர்த்தியின் பங்கில் இருந்தது. 1863இல் போலந்து மக்கள் செய்த கிளர்ச்சி தோற்றுப்போனபின் பிடி இன்னும் இறுகியது. கந்தோரில் ருஷ்ய மொழி, பள்ளிக்கூடத்தில் ருஷ்ய மொழி, பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழி. போலந்துச் சரித்திரத்தை வகுப்பில் ஒளித்துத்தான் படிப்பித்தார்கள். கல்விப் பரிசோதகர் வருகிறார் என்று மணிச் சைகை கிடைத்தால் புத்தகங்கள் ஒரு நொடியில் மறைந்துவிடும். பிள்ளைகள் தையல் வேலை செய்துகொண்டு இருப்பார்கள். பரிசோதகர் கேட்கிற கேள்விக்கு எழும்பிப் பதில் சொல்ல ஆசிரியை எப்போதும் மரியாவைத்தான் விடுவார். அவருக்கு ருஷ்ய மொழி நன்றாக ஓடும். சக்கரவர்த்திகளின் பெயர் வரிசையை ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்துவிட்டு, பரிசோதகர் போனபின் அழுத பிள்ளை அவர்.

தகப்பனார் விளாடிஸ்லாவ் கணிதமும் பௌதிகமும் படிப்பித்த ஆசிரியர். பாடசாலைகளில் விஞ்ஞான ஆய்வுகூடப் பாடங்களை ருஷ்ய அதிகாரிகள் நிறுத்தியபோது, அவர் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார். கண்ணாடிக் குழாய்கள், சிறு தராசு, தங்கத் தகடு வைத்த மின்காட்டி, சில கனிப்பொருட் கற்கள். சின்னப் பிள்ளை மரியா அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். இதெல்லாம் என்ன என்று ஒருநாள் கேட்டதற்கு, பௌதிகக் கருவிகள் என்று தகப்பனார் சொன்னார். சொல் பிடித்திருந்தது, பொருள் விளங்கவில்லை. அந்த அலுமாரியைத் திறந்து அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற காலம் வரவேயில்லை. தகப்பனாருக்கு மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. பதவி இறங்கியது, சம்பளமும் குறைந்தது. உறவினர் ஒருவரின் முயற்சியில் போட்ட சேமிப்பும் போயிற்று. வீட்டில் வெளிப்பிள்ளைகளைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் படிப்பித்துத்தான் குடும்பம் நடந்தது. மூத்த சகோதரி தைபஸ் காய்ச்சலில் இறந்தார். 1878இல் தாயார் காசநோயில் இறந்தபோது மரியாவுக்குப் பத்து வயது.

பள்ளிக்கூடப் படிப்பில் வகுப்பில் முதலாவது. அதனால் என்ன? வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காது. வெளிநாடு அனுப்பத் தகப்பனாரிடம் காசு இல்லை. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, போதிய புள்ளி எடுத்துவிட்டு வாசலில் நின்ற எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கோ. இரண்டும் ஒரே கதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கெட்டித்தனம் கையில் இருக்க, கதவு சாத்தியிருக்கிற அந்தப் பதினாறு வயதின் மனநிலை எங்களுக்குப் புதிது இல்லை. பரீட்சை முடிந்த கையோடு மரியா உடம்பும் மனமும் தளர்ந்துபோனார். ஒரு வருடம் கிராமத்து உறவினர் வீடுகளில் சும்மா இருக்கவிட்டார்கள். அந்த வருடத்தில் அவர் ஒன்றுமே படிக்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பெரியவர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இப்படியான வருடங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வார்சோவில் அப்போது பறக்கும் பல்கலைக்கழகம் என்று ஒன்று இரகசியமாக நடந்தது. கட்டிடம் இல்லை. இன்றைக்கு ஒருவர் வீட்டு விறாந்தை, நாளைக்கு வேறொருவர் வீட்டு அறை. பொலிஸ் மணம்பிடிக்க முன்னம் இடம் மாறிவிடும். பெரும்பாலும் பெண்கள். திரும்பி வந்த மரியாவும் அக்கா புரோனியாவும் அதில் சேர்ந்தார்கள். ஆனால் புரோனியாவுக்கு டொக்டராக வேண்டும். பாரிஸில் பெண்களும் மருத்துவம் படிக்கலாம். கையில் இருந்த காசு ஒரு வருடத்துக்குத்தான் காணும்; படிப்போ ஐந்து வருடம். அப்போதுதான் தங்கச்சி ஒரு கணக்குப் போட்டார். முதலில் அக்கா போகட்டும். தான் எங்கேயாவது பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து மாதா மாதம் காசு அனுப்புவது. அக்கா டொக்டரானபின் தங்கச்சியைக் கூப்பிட்டுப் படிப்பிப்பது. ஒருவர் போய்க் காலூன்றி அடுத்தவரைக் கூப்பிடுவது என்பதை எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. அனுப்பிய காசுக்கும் போகாத வருடத்துக்கும் பிறகு வருகிற மனக்கசப்பும் எங்களுக்குத் தெரியும். இந்த இரு சகோதரிகளுக்குள் அது வரவில்லை.

1886 தை மாதம், பதினெட்டு வயதில், வார்சோவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தள்ளி ஷ்சுகி என்ற கிராமத்துக்கு மரியா வேலைக்குப் போனார். சம்பளம் வருடத்துக்கு 500 ரூபிள். சொரவ்ஸ்கி என்ற குடும்பம், பெரிய பண்ணை. சீனி எடுக்கிற பீற்றூட் பயிர். பார்த்த பக்கமெல்லாம் அதே பயிர்தான், பக்கத்தில் சீனித் தொழிற்சாலையின் புகைபோக்கி. நாளுக்கு ஏழு மணித்தியாலம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். அது முடிந்தபின், அந்த வீட்டு மூத்த மகளையும் சேர்த்துக்கொண்டு, எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பிள்ளைகளுக்குப் போலந்து மொழி அரிச்சுவடி. பிடிபட்டால் சைபீரியாவுக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது.

இதற்குப் பிறகு மிச்சம் இருக்கிற நேரம்தான் அவருடையது. இரவு 9 மணிக்குப் புத்தகத்தோடு இருப்பார். காலை 6 மணிக்கு எழும்புவார். இங்கே நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விசயம், பௌதிகம்தான் படிக்கப்போகிறேன் என்ற முடிவோடு அவர் தொடங்கவில்லை என்பது. இலக்கியம், சமூகவியல், விஞ்ஞானம் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆசை. 1886 மார்கழியில் அவருடைய மேசையில் ஒரே நேரத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன: டானியல் என்பவரின் பௌதிகம், அதில் முதலாம் பாகம் முடிந்திருந்தது, ஸ்பென்சரின் சமூகவியல், பிரெஞ்சு மொழியில், போல் பேரின் உடலமைப்பும் உடற்றொழிலும், ருஷ்ய மொழியில். ஒன்றையே தொடர்ந்து படித்தால் களைத்துப்போகிறது என்றபடியால் மாற்றி மாற்றிப் படிப்பார். ஒன்றும் தலைக்குள் ஏறாத இரவுகளில் அட்சரகணிதக் கணக்கும் திரிகோணகணிதக் கணக்கும் செய்வார். கணக்கு செய்யும்போது கவனம் அலையாதாம். புத்தகம் வாசிக்கையில் கண் வரியில் ஓடும், மனம் வேறெங்கோ போகும். கணக்கில் அது நடக்காது. பௌதிகம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு விசயத்தை அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அத்தியாயத்தை மூன்று தரம் வாசிப்பதைவிட, அதன் பின்னால் இருக்கிற கணக்கில் நாலைச் செய்து பார்ப்பது மேல்.

விளங்காத கணக்குகளைத் தகப்பனாருக்குக் கடிதத்தில் எழுதுவார். தகப்பனார் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். தபாலில் நடந்த ரியூசன் என்று சொல்லலாம். சீனித் தொழிற்சாலையில் வேலை செய்த இரசாயனவியலாளர் ஒருவர் அவருக்குக் கொஞ்சம் இரசாயனம் சொல்லிக்கொடுத்தார். கருவி ஒன்றும் கிடையாது. இப்படித் தடவித் தடவிப் போய்த்தான், இரண்டு மூன்று வருடத்தில், தன் மனம் கணிதத்திலும் பௌதிகத்திலும்தான் ஊன்றுகிறது என்பதை அவர் கண்டார். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதியபோது இந்தப் படிப்பை அவர் பெருமைப்படுத்தவில்லை. கையில் அகப்பட்ட புத்தகத்தைக் கொண்டு படித்தது நல்ல முறை இல்லை என்றும், ஆனால் தனியே இருந்து வேலை செய்கிற பழக்கமும் பிறகு உதவிய சில அறிவும் அதில் கிடைத்தன என்றும் எழுதியிருக்கிறார். ஜாம் போத்தல் விளக்கில் பழைய வினாத்தாளைச் செய்து படித்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்த வீட்டில் இன்னொரு காரியமும் நடந்தது. மூத்த மகன் கசிமியர்ஸ் வார்சோவில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர். விடுமுறைக்கு வந்த இடத்தில் மரியாவை விரும்பினார், மரியாவும் விரும்பினார். பெற்றோர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். நல்ல பெண்தான், ஆனால் கையில் காசில்லாத, சம்பளத்துக்கு நிற்கிற பெண். மகன் எதிர்த்து நிற்கவில்லை. மரியா அந்த வீட்டை விட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் பாரிஸில் அக்காவின் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு 1889 ஆனி வரை அங்கேயே படிப்பித்தார். கசிமியர்ஸ் சொரவ்ஸ்கி பிற்காலத்தில் போலந்தின் பெயர்போன கணிதப் பேராசிரியராக வந்தார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

1890இல் புரோனியாவிடமிருந்து கடிதம் வந்தது: படிப்பு முடியப்போகிறது, கலியாணமும் நடக்கப்போகிறது, அடுத்த வருடம் வந்து தங்களோடு இருந்து படிக்கலாம். இவ்வளவு காலம் காத்திருந்த கடிதம். ஆனால் மரியா உடனே வரமாட்டேன் என்று எழுதிவிட்டார். தகப்பனார் தனிய இருக்கிறார், தனக்கு வயது போய்விட்டது, மூளை மங்கிவிட்டது, இனி என்ன படிப்பு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எழுதியது இது! நாற்பது வயதில் எங்கள் சனம் சொல்லுகிற அதே சொல். கனவு கையில் வரும்போது கால் பின்வாங்குவது பெரிய ஆக்களுக்கும் நடந்திருக்கிறது.

அந்தத் தயக்கமான வருடத்தில்தான் அவருக்கு முதல்முறையாக ஒரு ஆய்வுகூடம் கிடைத்தது. வார்சோவில் கைத்தொழில் விவசாய நூதனசாலை என்று ஒரு இடம். மைத்துனர் முறையான யோசப் பொகுஸ்கி அதை நடத்தினார். இரசாயன மேதை மென்டெலீவிடம் உதவியாளராக இருந்தவர். நூதனசாலை என்ற பெயரில் போலந்து இளைஞருக்கு ஒளித்து விஞ்ஞானம் படிப்பிக்கிற இடம் அது. மாலை வேளையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் மரியாவால் போக முடியும். பெரும்பாலும் தனியே நின்று செய்ய வேண்டும். புத்தகத்தில் எழுதியிருக்கிற பரிசோதனையை அப்படியே செய்து பார்ப்பார். புத்தகத்தில் சொன்ன விடை வராது. சில நாள் எதிர்பாராமல் சரியாக வரும், அன்றைக்குப் பெரிய சந்தோசம். பல நாள் கைப்பழக்கம் இல்லாதபடியால் கருவி குழம்பும், அன்றைக்கு மனம் உடைந்துபோகும். வீட்டுக்கு வந்தும் நித்திரை வராதாம். நாலு வருடம் கடதாசியில் மட்டும் படித்த பௌதிகம் அந்த அறையில்தான் அவருடைய கைக்கு வந்தது. 1891 இலையுதிர் காலத்தில் கசிமியர்ஸின் விசயமும் முற்றாக முடிந்தபின், அவரே அக்காவுக்குக் கடிதம் எழுதி வரலாமா என்று கேட்டார்.

பயணம் எப்படி? மெத்தையும் துணிமணியும் முன்கூட்டியே சாமான் வண்டியில். ஜேர்மனியூடாக நான்காம் வகுப்பு ரயில். அதில் இருக்கை கிடையாது. வீட்டிலிருந்து ஒரு மடக்குக் கதிரை, வழிச் சாப்பாடு, போர்வை. பாரிஸில் பெயர் பதியும்போது மரியா என்பதை மேரி என்று பிரெஞ்சு முறையில் எழுதினார். இமிகிறேஷன் கடதாசியில் பெயர் மாறிப்போன எங்கள் ஆக்கள் போல இல்லை. இது அவரே மாற்றியது.

இனி வருகிறதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வகுப்பில் போய் இருந்தால் பேராசிரியர் சொல்லுவது பிடிபடவில்லை. பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் வந்தார். வேகமாகப் பேசும்போது முழு வசனங்கள் நழுவிப்போயின. அதைவிடப் பெரிய அடி, எட்டு வருடமாகத் தனியே சேர்த்த கணிதமும் பௌதிகமும் பிரெஞ்சுப் பிள்ளைகள் உயர்பள்ளியில் படித்துவிட்டு வந்த அளவுக்குக் காணாது. கணிதத்தில் பெரிய ஓட்டைகள். ஊரில் ஆர்முடுகல், திணிவு, உந்தம் என்று படித்த பிள்ளை இங்கே வந்து அக்செலரேஷன், மாஸ், மொமென்ரம் என்று கேட்கும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிற நிலைதான். அதில் பாதி மொழி, பாதி உண்மையான பள்ளம். எது மொழி, எது பள்ளம் என்று பிரித்துப் பார்க்கிறவன் தப்பிவிடுவான். மேரி பிரித்துப் பார்த்தார். பேச்சுப் பிரெஞ்சைப் போலந்து நண்பர்களைவிட்டு விலகிப் பழகினார். கணிதத்தை அடியில் இருந்து திரும்பப் படித்தார். ஆக, அவர் பௌதிகத்தை அடிப்படையில் இருந்து தொடங்கியது ஒருமுறை இல்லை, இரண்டுமுறை.

அக்கா வீட்டில் சனம் கூட, பாட்டும் தேநீரும். பல்கலைக்கழகம் போய்வர குதிரை பஸ்ஸில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மணித்தியாலம். சில மாதத்தில் கிட்டவாக ஒரு மேல்மாடி அறை எடுத்தார். ஆறு மாடி ஏற வேண்டும், நிலக்கரியையும் தானே தூக்கிக்கொண்டு. நாளுக்கு ஏறக்குறைய மூன்று பிராங்கில் வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம். மாரியில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துபோகும். இருக்கிற உடுப்பு எல்லாவற்றையும் போர்வைக்கு மேல் குவித்துக்கொண்டு படுப்பார். இரவு பத்து மணிக்கு நூலகம் பூட்டும்வரை அங்கே இருப்பது படிப்புக்கு மட்டும் இல்லை, அங்கே சூடும் வெளிச்சமும் சும்மா கிடைக்கும். பாணும் தேநீரும் முள்ளங்கியும் சாப்பிட்டு ஒருநாள் மயங்கி விழுந்தார். டொக்டர் அத்தான் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இறைச்சி சாப்பிட வைத்தார். இந்தப் பட்டினியைப் பலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினி கிடந்தபடியால் அவர் தேறவில்லை. பட்டினி கிடந்தும் தேறினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கோப்பை கஞ்சி யாராவது கொடுக்கத்தான் வேண்டும்.

1893 ஆடியில் பௌதிகப் பட்டப் பரீட்சை. முதலாவதாக வந்தார், இரண்டு வருடத்துக்கு முன்பு வகுப்பில் பேச்சு விளங்காமல் இருந்தவர். கணிதமும் வேண்டும் என்று நினைத்தார்; காசு முடிந்துவிட்டது. வெளிநாட்டில் படிக்கிற கெட்டிக்காரருக்கான 600 ரூபிள் உதவிப்பணம் ஒன்று வார்சோவிலிருந்து கிடைத்தது. 1894 ஆடியில் கணிதப் பட்டத்தில் இரண்டாவது. பிறகு முதன்முதல் உழைத்த காசில் அந்த 600 ரூபிளையும் மிச்சம்பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கேட்காத பணம் அது. இன்னொரு ஏழைப் பிள்ளைக்குப் போகட்டும் என்று கொடுத்தது.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்தது. 1894இல் பியர் கியூரியைச் சந்தித்து 1895 ஆடி 26இல் கலியாணம். 1896இல் பெக்கரெல் யுரேனியத்திலிருந்து புதுவிதக் கதிர் வருவதைக் கண்டிருந்தார். அந்தக் கதிர் பட்டால் காற்று மிகச் சிறிய அளவில் மின்னைக் கடத்தும். அந்தச் சிறு மின்னோட்டத்தை அளக்க, பியரும் தமையனாரும் முன்பு செய்த ஒரு கருவி இருந்தது: ஒரு படிகத்தில் நிறையைத் தொங்கவிட்டால் அதில் மின்னேற்றம் பிறக்கும், அதைக்கொண்டு எதிர்ப்பக்கத்தைச் சரிக்கட்டி நேரத்தை அளப்பது. மேரி எந்தப் பெரிய சித்தாந்தத்தோடும் தொடங்கவில்லை. கையில் கிடைத்த கல், உப்பு, தாது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து அளந்தார். பிச்பிளென்ட் என்ற யுரேனியத் தாது, அதில் இருக்கிற யுரேனியத்துக்குக் கணக்குப்படி வரவேண்டியதைவிடப் பல மடங்கு கூடக் காட்டியது. அப்படியென்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. 1898 ஆடியில் அறிவித்த முதலாவது புது மூலகத்துக்கு, தேசப்படத்தில் இல்லாத தன் நாட்டின் பெயரை வைத்துப் பொலோனியம் என்றார். மார்கழியில் ரேடியம். கதிர்த்தொழிற்பாடு என்ற சொல்லும் அந்த வருடம் அவர்கள் எழுதியதுதான். தொன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி வடித்து, 1902இல் எடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு. 1903இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு, 1911இல் இரசாயனத்துக்கு.

மல்வேர்னில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1980இல் அங்கே மக்ளூர் கிரெசென்ற் பகுதியில் ரேடியம் கலந்த மண் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களில் அந்த இடம் தோட்டக் காணியாக இருந்தபோது ரேடியக் கழிவோடு நடந்த வேலையின் மிச்சம். வீடு வாங்கிய சனம் வருடக்கணக்காகப் போராடி, 1990களில்தான் மண்ணை அள்ளி அகற்றினார்கள். கண்டுபிடித்த தொடக்க காலத்தில் ரேடியம் ஆபத்து என்று பெரும்பாலானோர் பெரிதாக எண்ணவில்லை. கண்டுபிடித்தவரே வெறுங்கையால் தொட்டு, சட்டைப் பைக்குள் வைத்துத் திரிந்தார். அவருடைய குறிப்புப் புத்தகங்கள் இன்றைக்கும் ஈயப் பெட்டியில்தான் இருக்கின்றன. ஒன்ராறியோவுக்கு அவரோடு நல்ல தொடர்பும் உண்டு: எக்சிற்றர் என்ற சிற்றூரில் பிறந்து மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்போர்ட்டிடம் படித்த ஹரியற் புறூக்ஸ் என்ற பெண் 1906-07இல் பாரிஸில் கியூரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தார்.

1906 சித்திரை 19இல் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அவர் படிப்பித்த வகுப்பை மேரியிடம் கொடுத்தார்கள். பெண் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தது அதுதான் முதல்முறை. பியர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். ஆனால் நான் சொல்ல நினைப்பது அந்த வகுப்பைப் பற்றி இல்லை, 1907இல் தொடங்கி இரண்டு வருடம் நடந்த இன்னொரு வகுப்பைப் பற்றி. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கதிரையில் இருத்தியே வைத்திருக்கின்றன என்று அவருக்கு மனக்குறை. நண்பர்களான பேராசிரியர்கள் சேர்ந்து, தங்கள் பிள்ளைகள் ஏறக்குறையப் பத்துப் பேருக்குத் தாங்களே முறைவைத்துப் படிப்பித்தார்கள். கணிதம் லாஞ்செவன், இரசாயனம் பெரன், பௌதிகம் மேரி. நோபல் பரிசு வாங்கியவர் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிப் பௌதிகம்!

வெறும் போத்தல் வெறுமையாக இல்லை, உள்ளே காற்று இருக்கிறது என்பதில் தொடங்கினார். சைக்கிளில் இருந்து கழற்றிய இரும்புக் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்ந்த பலகையில் உருட்டிவிட்டு, அவை கீறுகிற வளைகோட்டைக் கொண்டே விழுகிற பொருளின் விதியைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வைத்தார். வெப்பமானியைப் பிள்ளைகளே செய்தார்கள். பாத்திரத்துத் தண்ணீர் ஆறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒருநாள் கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகள் கம்பளி சுற்றலாம், அப்படிச் செய்யலாம் இப்படிச் செய்யலாம் என்றார்கள். தானென்றால் முதலில் மூடியை எடுத்து மூடுவேன் என்றார் அவர். கண்ணாடி அலுமாரிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளை, மற்றப் பிள்ளைகளுக்கு அலுமாரியைத் திறந்துவிட்டது என்றுதான் எனக்கு அந்த வகுப்பைப் பற்றி வாசிக்கும்போது தோன்றியது. அங்கே படித்த இசபெல் சவான் என்ற சிறுமி எழுதிவைத்த பாடக் குறிப்புகள் 2003இல் பிரான்சில் புத்தகமாக வந்தன. இன்னொரு பிள்ளை மேரியின் மூத்த மகள் இரேன். 1935இல் அவருக்கும் கணவருக்கும் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

1914இல் யுத்தம் வந்தபோது நாற்பத்தாறு வயதில் திரும்பவும் அடிப்படையில் இருந்து படித்தார்: உடலமைப்பு, எக்ஸ்றே எடுப்பது, கார் ஓட்டுவது. எக்ஸ்றே கருவி பூட்டிய வண்டிகளைக் காயப்பட்ட சிப்பாய்கள் கிடந்த இடத்துக்கே கொண்டுபோனார். பதின்ம வயது இரேனும் கூடப் போனார். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்புதான் அதே நாட்டுப் பத்திரிகைகள் அவரை வந்தேறி என்று தூற்றியிருந்தன.

1918இல் போலந்து திரும்பவும் நாடாயிற்று. 1932இல் வார்சோவில் ரேடிய நிலையம் திறந்தார்கள். அதை நடத்தப் பொறுப்பெடுத்தவர் டொக்டர் புரோனியா, அதே அக்கா. மேரி இரண்டு வருடம் கழித்து, 1934 ஆடி 4ஆந் திகதி, கதிர்வீச்சால் எலும்பு மச்சை பழுதாகி வந்த இரத்தச்சோகையில் இறந்தார். பாரிஸுக்குப் பக்கத்தில் சோ என்ற ஊரில், பியரின் பேழைக்கு மேலே அவரை அடக்கம் செய்தார்கள். பேச்சு இல்லை, ஊர்வலம் இல்லை. அக்கா புரோனியாவும் தமையன் யோசப்பும் போலந்திலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒவ்வொரு பிடி எடுத்துக் குழிக்குள் போட்டார்கள்.